கூகுள் தேடலில் இணையதளம் பின்தங்கினால் மீட்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழில் எழுதும் தளங்களையும் சிறு வணிகத் தளங்களையும் சொந்தமாக நடத்துபவர்களை மனத்தில் வைத்து இப்பதில்கள் எழுதப்பட்டுள்ளன. பெரும்பாலான தமிழ்த் தளங்களுக்குத் தேடல் வழி வருவோரில் மிகப் பெரும்பகுதியினர் கூகுளிலிருந்தே வருவதால், இங்கே பேசப்படுவது கூகுள் தேடலைப் பற்றி மட்டுமே.

எங்கள் தளத்துக்கு வருவோர் எண்ணிக்கை திடீரெனக் குறைந்துவிட்டது. கூகுளில் எங்கள் இடம் இறங்கிவிட்டது என்றுதானே பொருள்?

உடனே அந்த முடிவுக்கு வர வேண்டாம். வருவோர் எண்ணிக்கை குறைவது வேறு, தேடல் முடிவுகளில் இடம் இறங்குவது வேறு. தளத்தின் தோற்றத்தைத் தரும் தீமை மாற்றும்போது, வருவோரை எண்ணும் அனலிடிக்ஸ் நிரல் விடுபட்டுப் போயிருந்தால், ஒருவர்கூடக் குறையாத நிலையிலும் உங்கள் வரைபடம் தரையைத் தொட்டிருக்கும். ஆகவே முதலில் திறக்க வேண்டியது அனலிடிக்ஸ் அன்று; தேடலில் தளத்தின் நிலையை அதன் உரிமையாளருக்குக் காட்டும் கருவியான கூகுள் சர்ச் கன்சோல். அதில் கிளிக், இம்ப்ரெஷன் (உங்கள் பக்கம் தேடல் முடிவுகளில் தோன்றிய தடவைகள்), சராசரி இடம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்.

சராசரி இடம் மாறாமல் இம்ப்ரெஷன் மட்டும் குறைந்திருந்தால், மக்கள் அந்தச் சொற்களைத் தேடுவதே குறைந்திருக்க வாய்ப்புண்டு. பலகாரச் செய்முறைகளை எழுதும் தளம் தீபாவளி முடிந்த வாரத்தில் சரிவது இயல்பு. சர்ச் கன்சோல் 16 மாதத் தரவை வைத்திருப்பதால் சென்ற ஆண்டோடு ஒப்பிட்டு இதை உறுதி செய்யலாம். ஆனால் தேதிக்குத் தேதி ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள்: 2024இல் தீபாவளி அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20. பண்டிகைக்கு முந்தைய வாரத்தைப் பண்டிகைக்கு முந்தைய வாரத்தோடு ஒப்பிடுவதே முறை.

இன்னொரு பொய்த்தோற்றமும் உண்டு. ஒரே பக்கத்தில் 100 முடிவுகளைக் காட்டச் செய்யும் முகவரி வசதியை 2025 செப்டம்பரில் கூகுள் நிறுத்தியது. தரவரிசையைக் கண்காணிக்கும் கருவிகள் அதைத்தான் பயன்படுத்திவந்தன; அவை திறந்த பக்கங்களும் இம்ப்ரெஷனாக எண்ணப்பட்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகு பல தளங்களில், கணினி வழியிலான இம்ப்ரெஷன் சட்டென இறங்கியது, சராசரி இடமோ மேம்பட்டதுபோல் தோன்றியது. கிளிக் குறையாமல் அந்த நாள்களில் இம்ப்ரெஷன் மட்டும் விழுந்திருந்தால், நீங்கள் சரிசெய்ய வேண்டியது எதுவும் இல்லை.

உண்மையிலேயே இடம் இறங்கியிருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

எதையும் மாற்றாமல், சரிவின் வடிவத்தைப் பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள். நான் வற்புறுத்திச் சொல்ல விரும்பும் செய்தி இதுதான்: காரணம் தெரியும் முன்பே தலைப்புகளை மாற்றி, பிளகின் எனப்படும் துணை நிரல்களைப் புதுப்பித்து, பத்துக் கட்டுரைகளை நீக்கிவிட்டால், எது சரிவுக்குக் காரணம், எது மீட்சிக்குக் காரணம் என்று பின்னர் யாராலும் பிரித்தறிய முடியாமல் போய்விடும்.

ஒரே நாளில் தளம் முழுவதும் செங்குத்தாக விழுந்திருந்தால் தொழில்நுட்பக் கோளாறு, ஹேக், மேனுவல் ஆக்‌ஷன் எனப்படும் நேரடி நடவடிக்கை ஆகியவற்றில் ஒன்றைச் சந்தேகிக்கலாம். ஒன்றிரண்டு வாரங்களில் படிப்படியாக இறங்கி, அந்தத் தேதிகள் கூகுளின் கோர் அப்டேட் (தரவரிசை முறையில் அவ்வப்போது செய்யும் பெரிய மாற்றம்) அறிவிப்போடு பொருந்தினால் அது தரமதிப்பீட்டில் ஏற்பட்ட மாற்றம். அறிவிப்புகளின் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் கூகுள் தேடலின் நிலைமைப் பலகையில் கிடைக்கும். பல மாதங்களாக மெல்லத் தேய்ந்துவந்திருந்தால், உங்கள் பக்கங்கள் பழையதாகியிருக்கும் அல்லது அதே பொருளில் வேறு யாரோ சிறப்பாக எழுதத் தொடங்கியிருப்பார்கள். அடுத்து, சரிவு எந்தப் பக்கங்களில், எந்தத் தேடல் சொற்களில், கைபேசியிலா கணினியிலா, எந்த நாட்டில் என்று பிரித்துப் பாருங்கள். ஒரு தளத்தின் கிளிக்கில் பாதியை நான்கைந்து பக்கங்களே கொண்டுவருவது மிகச் சாதாரணம் என்பதால், ‘தளம் விழுந்துவிட்டது’ என்று தோன்றுவது பல வேளைகளில் இரண்டு பக்கங்களின் கதையாகவே இருக்கும்.

தொழில்நுட்பக் கோளாறு என்றால் எவற்றைப் பார்க்க வேண்டும்?

நன்றாக இருந்த பக்கம் ஒன்றின் முகவரியைச் சர்ச் கன்சோலின் முகவரி ஆய்வுக் கருவியில் இட்டு, நேரடிச் சோதனையை நடத்துங்கள். கூகுளால் பக்கத்தை எடுக்க முடிகிறதா, தேடலில் பதிய அனுமதி இருக்கிறதா என்ற இரண்டும் அங்கே தெரியும். ஒரே பக்கத்தின் பல முகவரிகளில் எதை மூலமுகவரியாக அது ஏற்றிருக்கிறது என்பதை, நேரடிச் சோதனைக்கு முன் அதே கருவி காட்டும் பதிவுத் தகவலில் பாருங்கள்.

வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் இயங்கும் தளங்களில் முதல் சந்தேகம் ஒரு சிறு பெட்டியின் மீது விழ வேண்டும். அமைப்புகளில் ‘வாசிப்பு’ என்ற பக்கத்தில், தேடுபொறிகள் இத்தளத்தைப் பதியாதிருக்கக் கோரும் தெரிவு ஒன்று உண்டு. புதிய வடிவமைப்பைச் சோதனைத் தளத்தில் உருவாக்குபவர்கள் அதை இயக்கிவைப்பார்கள். வேலை முடிந்து தளத்தை வெளியிடும்போது அது அப்படியே வந்துவிட்டால், எல்லாப் பக்கங்களிலும் ‘பதியாதே’ என்று சொல்லும் நோஇண்டெக்ஸ் குறி ஏறிவிடும். கூகுள் ஒவ்வொரு பக்கத்தையும் மறுபடி பார்க்கப் பார்க்க, அவை ஒவ்வொன்றாகத் தேடலிலிருந்து மறையும்.

ரோபாட்ஸ் கோப்பையும் நோஇண்டெக்ஸ் குறியையும் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். ரோபாட்ஸ் கோப்பு, கூகுள் பக்கத்தைப் படிப்பதைத் தடுக்கிறது. தேடலில் தோன்றுவதை முழுமையாகத் தடுப்பதில்லை. நோஇண்டெக்ஸ் தோன்றுவதைத் தடுக்கிறது, ஆனால் கூகுள் பக்கத்தைப் படித்தால்தான் அந்தக் குறியே அதன் கண்ணில் படும். ஒரு பக்கத்தில் இரண்டையும் சேர்த்து இட்டால் நினைத்தது நடக்காது.

கவனத்துக்கு வராமலே போகும் இன்னொரு காரணம், சர்வரின் பாதுகாப்புச் சுவர். தாக்குதல்களுக்கு அஞ்சி, இந்தியாவுக்கு வெளியிலிருந்து வரும் இணைப்புகளை மொத்தமாக அடைத்துவிடும் தளங்கள் உண்டு. பக்கங்களைப் படிக்க வரும் கூகுளின் நிரலான கூகுள்பாட் பெரும்பாலும் அமெரிக்க ஐபி முகவரிகளிலிருந்தே வருகிறது. சென்னையில் அமர்ந்து பார்க்கும் உங்களுக்குத் தளம் சரியாகத் திறக்கும். கூகுளுக்கு அது மூடிய கதவாக இருக்கும். சர்ச் கன்சோலில், கூகுள்பாட் வந்துபோனதைக் காட்டும் கிரால் புள்ளிவிவர அறிக்கையைப் பார்த்தால் இது பிடிபடும். ஹோஸ்டிங் எனப்படும் சர்வர் சேவை மலிவாக இருந்து, சர்வர் அடிக்கடி 500 வரிசைப் பிழைகளை (அதனால் பக்கத்தைத் தர இயலாதபோது வருபவை) தந்தாலும் அந்த அறிக்கையிலேயே தெரியும். பராமரிப்புக்காகத் தளத்தைச் சில மணி நேரம் மூட வேண்டியிருந்தால் ‘தற்காலிகமாக இயங்கவில்லை’ என்று பொருள்படும் 503 என்ற நிலைக்குறியைத் தரச் செய்யுங்கள். ‘விரைவில் வருகிறோம்’ என்ற ஒரே பக்கத்தை எல்லா முகவரிகளிலும், ‘எல்லாம் சரி’ என்று பொருள்படும் 200 குறியோடு காட்டுவது, உங்கள் எல்லாக் கட்டுரைகளும் அந்த ஒரு வரியாகிவிட்டன என்று கூகுளிடம் நீங்களே சொல்வதற்குச் சமம்.

தளத்தைப் புதிய வடிவமைப்புக்கு மாற்றியதிலிருந்துதான் சரிவு. என்ன நடந்திருக்கும்?

பெரும்பாலும் முகவரிகள் மாறியிருக்கும். பல ஆண்டுகளாகப் பிறர் தந்த இணைப்புகளும் கூகுள் சேர்த்துவைத்த மதிப்பும் பழைய முகவரியின் மேல்தான் உள்ளன. பழைய முகவரி ஒவ்வொன்றிலிருந்தும் அதற்கு நேரான புதிய முகவரிக்கு 301 என்ற நிரந்தரத் திருப்பம் வைத்தால் அவை தொடரும். எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடுவது பயனற்றது, ஏனெனில் பொருத்தமில்லாத அத்தகைய திருப்பங்களைக் கூகுள் இல்லாத பக்கங்களாகவே கருதும். திருப்பங்களைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்பது கூகுளின் அறிவுரை. நீக்காமலே விட்டுவிடுங்கள் என்பது என் அறிவுரை. அவற்றால் செலவு ஏதும் இல்லை.

தமிழ்த் தளங்களுக்கென்றே ஒரு சிக்கல் இங்கே இருக்கிறது. ஆங்கிலத் தளங்களுக்கு எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இது இராது. தமிழில் அமையும் முகவரி, சர்வருக்குச் செல்லும்போது விழுக்காட்டுக் குறியீடுகளாக (% குறியில் தொடங்குபவை) மாறுகிறது. யூனிகோடில் தமிழ்க் குறி ஒன்றுக்கு மூன்று பைட்டுகள். ஒவ்வொரு பைட்டும் % குறியையும் சேர்த்து மூன்று எழுத்துகளாக எழுதப்படுவதால், ஒரு குறிக்கு ஒன்பது இடங்கள் செலவாகின்றன. உயிர்மெய்யில் மெய்க்கு ஒன்று, உயிர்க்குறிக்கு ஒன்று எனக் கணக்கிட வேண்டும். வேர்ட்பிரஸ் ஒரு பதிவின் முகவரிப் பகுதிக்கு 200 இடங்களையே ஒதுக்கியிருக்கிறது. எனவே ‘தீபாவளி பலகாரங்கள் செய்முறை’ என்ற சிறிய தலைப்புகூட மூன்றாம் சொல்லின் நடுவில் அறுபட்டுத்தான் முகவரியாகும்.

இந்தத் தளத்தை வேறொரு மென்பொருளுக்கு மாற்றும்போது, அது தலைப்பிலிருந்து புதிதாக முகவரியை உருவாக்கும். ஒன்று முழுத் தலைப்பும் இடம்பெறும், அல்லது எல்லாம் ரோமன் எழுத்துக்கு மாறும். இரண்டில் எது நடந்தாலும் பழைய அறுபட்ட முகவரி, ‘பக்கம் இல்லை’ என்று பொருள்படும் 404 ஆகிவிடும். தலைப்புகளை வைத்துத் திருப்பப் பட்டியல் தயாரிப்பவருக்கு இது தெரியவே வராது. ஆகவே பழைய முகவரிகளைத் தலைப்பிலிருந்து ஊகிக்காமல், சர்ச் கன்சோலிலிருந்தும் பக்க முகவரிகளின் பட்டியலான பழைய தளவரைபடக் கோப்பிலிருந்தும் அப்படியே எடுத்து, ஒவ்வொன்றையும் திறந்து சோதியுங்கள். இனி எழுதும் பதிவுகளுக்காவது முகவரிப் பகுதியைக் கையால் இரண்டு மூன்று சொற்களாகச் சுருக்கிவையுங்கள்.

மேனுவல் ஆக்‌ஷன் என்றால் என்ன? எங்கள் தளத்தின் மீது இருக்கிறதா என்று எப்படி அறிவது?

கூகுளின் ஊழியர் ஒருவர் உங்கள் தளத்தைப் பார்த்து, ஸ்பேம் கொள்கைகளை மீறியிருப்பதாக முடிவு செய்து எடுக்கும் நடவடிக்கை அது. இருந்தால் சர்ச் கன்சோலில் அதற்கான பக்கத்தில் எழுத்திலேயே இருக்கும். ‘சிக்கல் எதுவும் இல்லை’ என்று அங்கே கண்டால் அந்தக் கவலையை விட்டுவிடலாம். அல்காரிதம் மாற்றத்தால் இடம் இறங்குவதை ‘கூகுள் தண்டித்துவிட்டது’ என்று சொல்லும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அது வேறு, இது வேறு; மீளும் வழியும் வேறு.

நடவடிக்கை இருந்தால், சுட்டப்பட்ட குறையை முழுமையாக நீக்கி, என்ன செய்தீர்கள் என்பதை ஒளிவில்லாமல் எழுதி, மறுபரிசீலனைக்கு விண்ணப்பிக்க வேண்டும். பெயர்பெற்ற நிறுவனங்களும் இதற்குத் தப்பவில்லை. 2006 பிப்ரவரியில், வாசகருக்கு ஒன்றும் தேடுபொறிக்கு வேறொன்றும் காட்டிய பக்கங்களுக்காக பிஎம்டபிள்யூவின் ஜெர்மன் தளத்தைக் கூகுள் தன் தேடலிலிருந்தே நீக்கியது. அந்தப் பக்கங்களை அகற்றிய பின் சில நாள்களில் தளம் திரும்பியது. 2013 டிசம்பரில் ராப் ஜீனியஸ் என்ற பாடல்வரித் தளம் வலைப்பதிவர்களிடம் இணைப்புகளைப் பேரம் பேசிப் பெற்றதற்காகக் கீழே தள்ளப்பட்டது. அவர்கள் அந்த இணைப்புகளைத் தேடிப்பிடித்து நீக்கியும், சிலவற்றைக் கணக்கில் கொள்ள வேண்டாம் என்று கூகுளிடம் மறுத்தும், செய்ததை வெளிப்படையாக எழுதியும், 2014 ஜனவரித் தொடக்கத்தில் மீண்டார்கள்.

கூகுளில் எங்கள் தளத்தைத் தேடினால் ஜப்பானிய எழுத்துகளில் பக்கங்கள் வருகின்றன. ஏன்?

தளம் ஹேக் செய்யப்பட்டிருக்கிறது. ‘ஜப்பானியச் சொல் ஹேக்’ என்றே இதற்குப் பெயர் வழங்குகிறது. இலவசமாகக் கிடைக்கிறதென்று இறக்கிப் பதிக்கும் திருட்டுத் தீம்களும் புதுப்பிக்காத பிளகின்களும் இதற்கு வழக்கமான வாசல்கள். பக்கம் உங்களுக்கு இயல்பாகவும் கூகுளுக்கு மட்டும் மாறியும் தோன்றும்படி அமைத்திருப்பார்கள் என்பதால், முகவரி ஆய்வுக் கருவி வழியாகவே பார்க்க வேண்டும். ஒரு படியை மட்டும் மறந்துவிடாதீர்கள்: ஊடுருவியவர் தம்மையே சர்ச் கன்சோலில் தளத்தின் உரிமையாளராகச் சேர்த்துக்கொண்டிருக்கக்கூடும். பயனர் பட்டியலில் அறியாத பெயர் இருந்தால் அதை நீக்குவதோடு, சரிபார்ப்புக்காக அவர் சர்வரில் வைத்த கோப்பையும் நீக்குங்கள்.

கோர் அப்டேட்டில் விழுந்த தளம் மீளுமா?

மீளும்; ஆனால் எல்லாத் தளங்களும் மீண்டதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

2011 பிப்ரவரியில் வந்த பாண்டா என்ற அப்டேட், தரமில்லாத பக்கங்களைக் கும்பலாகக் குவித்திருந்த தளங்களைக் கீழே தள்ளியது. 2018 ஆகஸ்டில் வந்த மாற்றத்தில் உடல்நலத் தளங்கள் பெரிதும் அடிபட்டதால் அதை ‘மெடிக்’ என்று அழைத்தார்கள். 2022இல் அறிமுகமான பயனுள்ள உள்ளடக்க முறைமையின் 2023 செப்டம்பர் பதிப்பு, சிறிய தளங்களை மிகக் கடுமையாகத் தாக்கியது. 2024 மார்ச்சில் தொடங்கிய கோர் அப்டேட்டில் அந்த முறைமை மையத் தரவரிசைக்குள்ளேயே கலந்துவிட்டது. அந்த அப்டேட் முழுதாகப் பரவ ஏப்ரல் 19 வரை, 45 நாள்கள் ஆயின. 2023இல் விழுந்த தளங்கள் சில, 2024 ஆகஸ்ட் அப்டேட்டில் ஓரளவு மேலேறின. அவற்றில் பல பழைய உயரத்தை எட்டவில்லை. உழைத்து எழுதியவர்கள் சிலரும் அந்த அலையில் அடித்துச் செல்லப்பட்டார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

அப்டேட் முழுதாக முடிந்து ஒரு வாரமேனும் கழித்து, அது தொடங்குவதற்கு முந்தைய வாரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டாம் இடத்திலிருந்து நான்காம் இடத்துக்குப் போனால் பெரிய மாற்றம் எதுவும் செய்யாதீர்கள். நான்கிலிருந்து 29க்குப் போனால் தளம் முழுவதையும் ஆராய வேண்டும் என்பது கூகுளே தரும் அளவுகோல்.

ஆராய்வது எப்படி? விழுந்த பக்கத்தின் முதன்மைத் தேடல்சொல்லை இட்டு, இப்போது மேலே இருக்கும் மூன்று பக்கங்களை வாசகராக இருந்து படியுங்கள். ‘பட்டா மாறுதல் செய்வது எப்படி’ என்ற கட்டுரையை எடுத்துக்கொள்வோம். உங்கள் கட்டுரை, பட்டா என்றால் என்ன, அதன் வரலாறு என்ன என்று நான்கு பத்திகளைக் கடந்த பிறகே வழிமுறைக்கு வருகிறதா? எந்த ஆவணங்கள் வேண்டும், உட்பிரிவு உள்ள மனைக்கும் இல்லாத மனைக்கும் நடைமுறை எப்படி வேறுபடும், விண்ணப்பம் தள்ளுபடியானால் அடுத்து எங்கே போவது என்பவை உள்ளனவா? விண்ணப்பித்துப் பார்த்தவர் எழுதியதென்று அதைப் படிப்பவர் நம்புவாரா? எழுதியவர் யார் என்று பக்கத்தில் இருக்கிறதா? இந்தக் கேள்விகளுக்கு உண்மையான விடை சொல்லிப் பக்கத்தைத் திரும்ப எழுதுவதுதான் பணி. தேதியை மட்டும் மாற்றிப் புதியதுபோல் காட்டுவதையும், இத்தனை சொற்கள் இருந்தால் கூகுளுக்குப் பிடிக்கும் என்று நீட்டி எழுதுவதையும் கூகுள் தன் வழிகாட்டியிலேயே பெயர் சொல்லி விலக்குகிறது.

பலவீனமான பழைய கட்டுரைகளை நீக்கிவிடலாமா?

கடைசி வழியாக மட்டும். ஒரே பொருளில் ஐந்து அரைகுறைக் கட்டுரைகள் இருந்தால் அவற்றை ஒன்றாக்கி, மற்ற நான்கையும் அதற்குத் திருப்புங்கள். தேடலில் வராவிட்டாலும் உங்கள் வாசகர் தேடி வந்து படிக்கும் பக்கத்தை நீக்காதீர்கள். ஆனால் வேறு தளங்களிலிருந்து எடுத்துச் சற்றே சொல் மாற்றிய செய்திகள், தேடல் வரும் என்பதற்காக மட்டும் எழுதிய ஊகப் பதிவுகள் ஆகியவற்றைத் தயங்காமல் நீக்கலாம்.

ஏஐ கொண்டு எழுதிய கட்டுரைகளால்தான் விழுந்தோமா?

கருவியைக் கூகுள் குற்றமாகக் கருதுவதில்லை. வாசகருக்குப் பயனின்றி, தரவரிசைக்காகவே பெருமளவில் பக்கங்களை உற்பத்தி செய்வதை 2024 மார்ச்சில் ஸ்பேம் கொள்கையில் சேர்த்தது. அதை மனிதர் செய்தாலும் இயந்திரம் செய்தாலும் ஒன்றே. தமிழில் இந்த ஆபத்து கூடுதல், ஏனென்றால் இயந்திரம் எழுதிய தமிழில் அரசுத் திட்டத்தின் பெயர், தொகை, தகுதி வரம்பு ஆகியவை பிழையாக வந்தாலும் நடை சரளமாக இருப்பதால் கண்ணில் படாமல் போகிறது. அதை நம்பி ஒருவர் அலுவலகத்துக்கு அலைந்து திரும்பினால், அது தரவரிசையைவிடப் பெரிய இழப்பு.

பேக்லிங்க் (பிற தளங்கள் நம் தளத்துக்குத் தரும் இணைப்பு) வாங்கினால் விரைவில் ஏறலாம் என்கிறார்களே?

வாங்காதீர்கள். 2012 ஏப்ரலில் வந்த பென்குயின் என்ற அப்டேட் முதற்கொண்டு கூகுள் இதையே குறிவைத்துவருகிறது. நீங்கள் கேட்காமலே உங்கள் தளத்தைச் சுட்டும் குப்பைத் தளங்களைப் பற்றியும் கவலை வேண்டாம். அவற்றைக் கூகுள் பெரும்பாலும் கணக்கில் கொள்வதில்லை. இணைப்புகளை மறுக்கும் கருவி, விலைகொடுத்து வாங்கிய இணைப்புகளால் மேனுவல் ஆக்‌ஷன் வந்தவர்களுக்கும் வரவிருப்பவர்களுக்கும் உரியது.

பக்கத்தின் வேகத்தைக் கூட்டினால் இடம் திரும்புமா?

வேகம் மட்டும் இடத்தை மீட்டுத் தராது. முதன்மை உள்ளடக்கம் 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும், தொட்டால் 200 மில்லிநொடிக்குள் பக்கம் அசைந்துகொடுக்க வேண்டும் என்ற அளவுகளை எட்டுவது வாசகருக்கு நல்லது. விளம்பரங்கள் வந்து விழுந்து, படிக்கும் வரி கீழே ஓடும் தளங்கள் தமிழில் ஏராளம். அதைத் திருத்துங்கள், ஆனால் வேகமான வெற்றுப் பக்கம் மெதுவான நல்ல பக்கத்தை வெல்லும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

இடம் அப்படியே இருக்கிறது. கிளிக் மட்டும் குறைந்துவிட்டது. இது எதனால்?

தேடல் பக்கத்தின் தோற்றம் மாறியிருக்கும். கேள்வி பதில்களை முடிவுக்குக் கீழேயே விரித்துக் காட்டும் வசதியை 2023 ஆகஸ்டில் பெரும்பாலான தளங்களுக்குக் கூகுள் நிறுத்தியது. இந்தியாவில் 2024 ஆகஸ்ட் முதல், ஏஐ எழுதும் சுருக்க விடையான ஏஐ ஓவர்வியூ சில தேடல்களுக்கு மேலேயே விடையைத் தந்துவிடுகிறது. ஒரு வரியில் விடை முடிந்துவிடும் கேள்விகளுக்கான கிளிக் முழுமையாகத் திரும்பாது என்று வைத்துக்கொண்டு திட்டமிடுவதே நேர்மை. ஒப்பீடு, சொந்த அனுபவம், உள்ளூர் விவரம், படங்களோடு கூடிய படிநிலை விளக்கம் ஆகியவற்றுக்கு மக்கள் இன்னும் பக்கத்துக்குள் வருகிறார்கள்.

எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும்?

தொழில்நுட்பக் கோளாறாக இருந்தால், திருத்திய பின் கூகுள் பக்கங்களை மறுபடி படிக்கும் வேகத்தைப் பொறுத்துச் சில நாள்கள் முதல் சில வாரங்கள் வரை. மேனுவல் ஆக்‌ஷன் மறுபரிசீலனைக்குச் சில நாள்களோ வாரங்களோ ஆகலாம். கோர் அப்டேட்டால் ஏற்பட்ட சரிவுக்குச் சில மாதங்கள். சில தளங்களுக்கு அடுத்த பெரிய அப்டேட் வரை. இடைப்பட்ட காலத்தில் ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு குறித்துவையுங்கள்.

ஒரு மாதத்தில் முதலிடம் என்று உறுதி தரும் எஸ்இஓ (தேடலில் தளத்தை மேலேற்றும் பணி) நிறுவனத்திடம் ஒப்படைக்கலாமா?

முதலிடத்துக்கு யாராலும் உறுதி தர முடியாது என்று கூகுளே எழுதிவைத்திருக்கிறது. உதவி தேவைப்பட்டால், சர்ச் கன்சோலைப் பார்வையிடும் அனுமதியை மட்டும் முதலில் தந்து, சரிவுக்கு என்ன காரணம் என்று எழுத்தில் கேளுங்கள். தேதிகளையும் பக்கங்களையும் சுட்டி விளக்குபவரோடு பேச்சைத் தொடரலாம். தரவைத் திறந்துகூடப் பார்க்காமல் மாதம் இத்தனை பேக்லிங்க் என்று விலைப்பட்டியல் அனுப்புபவருக்குத் தளத்தின் நிர்வாகக் கடவுச்சொல்லைத் தராதீர்கள். யாரை அமர்த்தினாலும் சர்ச் கன்சோல், டொமைன், ஹோஸ்டிங் ஆகிய மூன்றின் உரிமையும் உங்கள் பெயரிலேயே, உங்கள் மின்னஞ்சலிலேயே இருக்கட்டும்.